மார்வெல் சாம்பியன்ஸ்: அடியைத் தடுப்பது யார், குறைவது எவ்வளவு?

மார்வெல் சாம்பியன்ஸ் கார்டு ஆட்டத்தை ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் 2019இல் வெளியிட்டது. ஒருவர் முதல் நான்கு பேர் வரை ஒரே அணியாகச் சேர்ந்து ஒரு வில்லனை எதிர்த்து ஆடலாம். வில்லனுக்காக ஆட எதிர்ப்பக்கத்தில் ஆள் கிடையாது. ‘எதிரிக் கட்டு’ என்ற கார்டுக் கட்டும் விதிகளும்தான் வில்லனை நடத்துகின்றன. அதனால் ஒரு விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் தட்டிக்கேட்க யாரும் இல்லை. தப்பு அப்படியே பழக்கமாகி, ஆட்டம் ஒன்று மிகச் சுலபமாகத் தெரியும், அல்லது ஜெயிக்கவே முடியாததாகத் தெரியும். இந்தத் தப்புகளில் பெரும்பங்கு ஒரே இடத்தில் குவிகிறது: வில்லன் அடிக்கும்போது ஹீரோ எப்படித் தடுக்கிறார் என்பதில்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. முதலாவது, இந்த அடியைத் தடுப்பவர் யார் என்ற கேள்வி. இரண்டாவது, ஹீரோ கார்டில் அச்சிட்டிருக்கும் தற்காப்பு எண். மூன்றாவது, சில கார்டுகளின் வாசகத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் ‘டிஃபென்ஸ்’ என்ற முத்திரை. ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தடுப்பவராக இருந்தும் தற்காப்பு எண் வேலை செய்யாத நேரம் உண்டு. கார்டை அசைக்காமலேயே தடுப்பவராகிவிடும் நேரமும் உண்டு.

கீழே சொல்லப்போகும் எல்லாவற்றிலும் ‘சாய்ப்பது’ என்றால் கார்டைக் குறுக்குவாட்டில் திருப்பி, அது உழைத்து முடித்துவிட்டது என்று காட்டுவது. ‘நிமிர்த்துவது’ என்றால் அதை மறுபடி நேராக்குவது.

அடி விழும் வரிசை

ஒவ்வொரு ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கும் ஹீரோ வடிவம், சாதாரண மனித வடிவம் என இரண்டு உண்டு. ஹீரோ வடிவில் இருக்கும் ஆட்டக்காரரை வில்லன் அடிக்கும்போது நான்கு படிகள் நடக்கின்றன. முதலில், எதிரிக் கட்டின் மேலிருக்கும் ஒரு கார்டைப் பார்க்காமல் கவிழ்த்தபடியே வில்லனுக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் பூஸ்ட் கார்டு. அடுத்து, யார் தடுக்கிறார் என்று அறிவிக்க வேண்டும்: ஹீரோவைச் சாய்த்துத் தடுக்கலாம், ஒரு கூட்டாளி கார்டைச் சாய்த்துத் தடுக்க விடலாம், யாரையும் சாய்க்காமலும் விடலாம். மூன்றாவதாகத்தான் பூஸ்ட் கார்டு திரும்பும். அதில் இருக்கும் பூஸ்ட் குறி ஒவ்வொன்றுக்கும் வில்லனின் தாக்குதல் எண் ஒன்று கூடும்; நட்சத்திரக் குறி இருந்தால் அதன் கீழே எழுதியிருப்பது நடக்கும். கடைசியில் காயம் விழும்.

இரண்டாவது, மூன்றாவது படிகளின் வரிசை ரொம்ப முக்கியம். எவ்வளவு பலமான அடி என்று தெரிவதற்கு முன்பே தடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். பூஸ்ட் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அட, இரண்டு குறியா? அப்போ ஹீரோவைச் சாய்க்கிறேன்” என்பது விதிமீறல். அவசரத்தில் கார்டைக் கொடுத்த கையோடு புரட்டிவிடுவது பல மேஜைகளில் நடக்கிறது. அப்படிச் செய்தால் ஆட்டத்தின் முக்கியமான ஒரு பந்தயமே காணாமல் போய்விடும். பூஸ்ட் கார்டை வில்லன் கார்டின் மேல் கவிழ்த்து வைத்து, “யார் தடுக்கிறீர்கள்?” என்று வாய்விட்டுக் கேட்ட பிறகே புரட்டுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் இந்தத் தப்பு நேராது.

சாதாரணமாக மினியன்களுக்கு, அதாவது வில்லனின் அடியாட்களுக்கு, பூஸ்ட் கார்டு கிடையாது. மினியன் கார்டில் என்ன தாக்குதல் எண் இருக்கிறதோ அதுதான் அடி. ஆகவே மினியனைத் தடுப்பதா என்பது கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு; வில்லனைத் தடுப்பது துணிந்து எடுக்கும் முடிவு.

இந்தத் துணிச்சலின் அளவும் வில்லனுக்கு வில்லன் மாறும். அடிப்படைப் பெட்டியில் வரும் ரைனோவின் முதல் நிலைக்குத் தாக்குதல் எண் 2. ஒரு பூஸ்ட் கார்டில் குறியே இல்லாமலும் இருக்கலாம், மூன்று வரையும் இருக்கலாம் என்பதால் அடி 2இலிருந்து 5 வரை போகலாம். க்ளாவின் முதல் நிலைக்குத் தாக்குதல் எண் 0 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து அலட்சியமாக இருப்பவர்கள்தான் அடிவாங்குவார்கள், ஏனென்றால் க்ளா தாக்கும்போது கூடுதலாக ஒரு பூஸ்ட் கார்டு கிடைக்கிறது. இரண்டு கார்டிலும் ஒன்றுமில்லாமல் போகலாம். இரண்டும் கனமாக விழவும் செய்யலாம்.

தற்காப்பு எண் எப்போது கழியும்?

விதி ஒரே வரிதான்: தடுப்பதற்காக ஹீரோவைச் சாய்த்தால் மட்டுமே தற்காப்பு எண் காயத்திலிருந்து கழியும். எண் கார்டில் அச்சாகியிருக்கிறது என்பதற்காக, மேலே போட்ட கவசம்போல அது எப்போதும் உழைக்காது.

ஸ்பைடர்-மேனை எடுத்துக்கொள்வோம். தற்காப்பு எண் 3. ரைனோவின் முதல் நிலை அடிக்கிறது, பூஸ்டில் இரண்டு குறி; மொத்தம் 4. ஸ்பைடர்-மேன் சாய்ந்து தடுத்திருந்தால் 1 காயம். சாயாமல் இருந்திருந்தால் முழுசாக 4. ‘சாய்க்காததால் பாதி தற்காப்பு’ என்று நடுவில் எதுவும் கிடையாது.

தற்காப்பு எண்ணைக் கூட்டும் கார்டுகளுக்கும் இதே கதி. புரொடெக்‌ஷன் வகையில் வரும் ஆர்மர்டு வெஸ்ட் தற்காப்பு எண்ணை ஒன்று கூட்டுகிறது. அதைப் போட்டுவிட்டு ஹீரோவைச் சாய்க்காமல் விட்டால், வெஸ்ட் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். அடிக்கடி தடுக்கப்போகும் ஹீரோவுக்குத்தான் அந்தக் கார்டு பொருந்தும்.

ஒரே சுற்றில் பல எதிரிகள் அடித்தால் ஒவ்வொன்றும் தனி அடி. வில்லன் அடிக்கும்போது சாய்ந்த ஹீரோ, அதன்பின் அடிக்கும் மினியனைத் தடுக்க முடியாது, ஏற்கெனவே சாய்ந்துவிட்டார். அல்ட்ரான் என்ற வில்லனை எதிர்த்து ஆடும்போது இது உறைக்கும். அங்கே சின்னச் சின்ன டிரோன்கள் ஆளாளுக்கு ஒரு அடி கொடுக்கும். ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் ஒரு தடவை சாய்ந்ததை வைத்து எல்லாவற்றிலும் மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே போக முடியாது.

டிஃபென்ஸ் முத்திரை

அதிகமாக வாக்குவாதம் நடப்பது இங்கேதான். ஸ்பைடர்-மேனின் பேக்ஃபிளிப் கார்டைப் பாருங்கள். செலவு 0. ஒரு தாக்குதலில் உங்களுக்குக் காயம் விழவிருக்கும் தருணத்தில் அதை ஆடினால், அந்தக் காயம் முழுவதையும் தடுத்துவிடலாம். வாசகத்தில் டிஃபென்ஸ் முத்திரை இருக்கிறது.

இதை ஆட ஹீரோ சாய வேண்டுமா? வேண்டாம். ஹீரோ நிமிர்ந்தே இருக்கலாம். வேறொரு அடியைத் தடுத்து ஏற்கெனவே சாய்ந்தும் இருக்கலாம். ஆனால் முத்திரையுள்ள கார்டை ஆடியதுமே, அந்த அடியைத் தடுத்தவர் என்று உங்கள் ஹீரோ கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

ஒன்று, ‘உங்கள் ஹீரோ தடுத்த பிறகு’ என்று தொடங்கும் கார்டுகளை ஆடலாம். கவுன்டர்-பஞ்ச் அப்படிப்பட்டது: ஹீரோ ஒரு அடியைத் தடுத்த பிறகு, அடித்த எதிரிக்கு ஹீரோவின் தாக்குதல் எண் அளவுக்குக் காயம் கொடுக்கும். அதன் செலவும் 0. ஆகவே சாயாமலேயே பேக்ஃபிளிப் போட்டு அடியை முழுசாகத் தவிர்த்து, உடனே கவுன்டர்-பஞ்ச் போட்டு 2 காயம் திருப்பிக் கொடுத்து, அடுத்த முறைக்கு நிமிர்ந்தே நிற்கலாம். இது ஓட்டை எதுவும் இல்லை. விதி அனுமதிக்கும் ஆட்டம்தான்.

இரண்டு, முத்திரையால் தடுப்பவரானாலும் தற்காப்பு எண் கழியாது. அது சாய்வதோடு சேர்ந்தது. பேக்ஃபிளிப் எல்லாக் காயத்தையும் நிறுத்துவதால் அங்கே இது தெரிவதில்லை. குறிப்பிட்ட அளவு காயத்தை மட்டும் தடுக்கும் முத்திரைக் கார்டுகளில்தான் ‘தற்காப்பு எண்ணையும் கழித்துக்கொள்ளலாமா’ என்ற கேள்வி எழும். சாய்ந்து தடுத்துவிட்டு, மேலும் முத்திரைக் கார்டையும் ஆடினால் இரண்டும் உண்டு. முத்திரைக் கார்டு மட்டும் என்றால் அதில் எழுதியிருப்பது மட்டும்.

மூன்று, ஒரு அடிக்கு ஒரு தடுப்பவர்தான். கூட்டாளியைச் சாய்த்துத் தடுக்க விட்ட பிறகு, உங்கள் ஹீரோ முத்திரைக் கார்டு ஆடி அதே அடியை இன்னொரு முறை தடுக்க முடியாது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். பேக்ஃபிளிப் ஆடுவது காயம் விழும் கட்டத்தில், அதாவது பூஸ்ட் கார்டு திரும்பி, தற்காப்பு எண்ணும் கழிந்த பிறகு. அடியின் முழு அளவும் தெரிந்த பின் ஆடலாம் என்பதுதான் அந்தக் கார்டின் உண்மையான பலம். கையில் பேக்ஃபிளிப் இருந்தால் தடுப்பவரை அறிவிக்கும் படியில் சாயாமல் இருந்துவிட்டு, பூஸ்ட் கனமாக விழுந்தால் மட்டும் அதைச் செலவிடலாம். லேசாக விழுந்தால் 2 காயத்தை வாங்கிக்கொண்டு கார்டைப் பத்திரப்படுத்தலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: ‘இந்த அடி தடுக்கப்படாவிட்டால்’ என்று சொல்லும் நட்சத்திரக் குறி பூஸ்ட் படியிலேயே நடந்து முடிந்துவிடும். அப்போது யாரும் தடுத்திருக்கவில்லை. பிறகு பேக்ஃபிளிப் ஆடி அதைத் திரும்பப் பெற முடியாது.

சாய்ந்து தடுத்ததில் காயம் 0 ஆகிவிட்டால் பேக்ஃபிளிப்புக்கு வேலையே இல்லை. விழப்போகும் காயம் என்று ஒன்று இருந்தால்தான் அதை ஆட முடியும்.

டஃப் கார்டு

டஃப் என்ற நிலைக்கார்டு உள்ளவருக்கு எவ்வளவு காயம் விழவிருந்தாலும் அது முழுக்கத் தடுக்கப்பட்டு, பதிலாக டஃப் கழிந்துவிடும். தற்காப்பு எண் முதலில் கழிகிறது, டஃப் அதற்குப் பிறகுதான் பார்க்கப்படுகிறது. மினியன் 2 அடிக்கிறது, ஸ்பைடர்-மேன் சாய்ந்து தடுக்கிறார், 3 கழிந்து மிச்சம் ஒன்றுமில்லை: டஃப் அப்படியே இருக்கும். அதுவே 4 அடியாக இருந்து 1 மிஞ்சினால், அந்த ஒற்றைக் காயத்துக்காக டஃப் போய்விடும்.

இதனால் டஃப் இருக்கும்போது எடுக்கும் முடிவு, பழகாதவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. பெரிய அடி வருகிறதா, சாயாதீர்கள். டஃப் தனியாகவே முழுசையும் வாங்கிக்கொள்ளும். சின்ன அடி, தற்காப்பு எண்ணே போதும் என்றால் சாயுங்கள், டஃப் மிஞ்சும். நடுத்தரமான அடிக்குச் சாய்ந்து, டஃப்பையும் இழந்து, ஹீரோவும் முடங்குவதுதான் படு நஷ்டம். எதிரியிடம் பியர்சிங் என்ற குணம் இருந்தால் காயம் விழுமுன் டஃப் கழற்றப்பட்டுவிடும். அப்போது டஃப்பை நம்பி நிமிர்ந்து நிற்பது ஆபத்து.

கூட்டாளி தடுக்கும்போது

கூட்டாளி கார்டுகளுக்குத் தற்காப்பு எண் கிடையாது. தடுக்கும் கூட்டாளி முழு அடியையும் வாங்கும். உயிர் 2 மிச்சமிருக்கும் கூட்டாளி 6 அடியைத் தடுத்தால், கூட்டாளி போய்விடும். மிச்ச 4 வீணாகிவிடும், ஹீரோவுக்கு ஒன்றும் வராது. அதனால்தான் சாகக் கிடக்கும் கூட்டாளியைப் பெரிய அடிக்குப் பலிகடா ஆக்குவது இந்த ஆட்டத்தின் மிக லாபகரமான நகர்வுகளில் ஒன்றாக இருக்கிறது. கூட்டாளி அடித்தாலோ வில்லனின் திட்டத்தைக் குலைத்தாலோ தனக்கே காயம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். தடுப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஒரு கூட்டாளியின் உயிரைக் கடைசிச் சொட்டு ஒன்று இருக்கும்வரை வேலைகளில் செலவழித்து, அந்தக் கடைசி ஒன்றோடு தடுக்க விடுவதுதான் முழு விலையையும் கறப்பது.

விதிவிலக்கு ஓவர்கில், அதாவது மிஞ்சிய காயத்தை வீணாக்காமல் ஹீரோவுக்குக் கடத்தும் குணம். ரைனோவின் சார்ஜ் கார்டு அவனோடு சேர்ந்தால் தாக்குதல் எண் 3 கூடும், ஓவர்கில் குணமும் வரும். முதல் நிலை ரைனோ 2, சார்ஜ் 3, பூஸ்ட் 1, மொத்தம் 6. உயிர் 2 உள்ள கூட்டாளி தடுத்தால் அதைத் தாண்டிய 4 காயம் கூட்டாளியின் உரிமையாளருடைய ஹீரோமேல் விழும். ஹீரோ சாய்ந்து தடுக்கவில்லை என்பதால் தற்காப்பு எண் அதில் ஒன்றும் குறைக்காது. அதே ஸ்பைடர்-மேன் தானே சாய்ந்து தடுத்திருந்தால் 3 காயத்தோடு முடிந்து, கூட்டாளியும் பிழைத்திருக்கும். கூட்டாளிக்கு டஃப் இருந்தால் கதை மாறும்: காயம் முழுக்கத் தடுக்கப்பட்டு அது சாகாததால், தாண்டிப் போக எதுவும் இருக்காது. டஃப்போடு களமிறங்கும் லூக் கேஜுக்கு இதனால் ஒரு தனி மதிப்பு உண்டு.

யார் தடுத்தார் என்பது காயத்தோடு முடிவதில்லை. ரைனோவின் ஸ்டாம்பீட் கார்டு, அந்த அடியில் காயப்பட்டவருக்கு ஸ்டன் கொடுக்கும். கூட்டாளி தடுத்துப் பிழைத்தால் ஸ்டன் கூட்டாளிக்கு. ஹீரோ தடுத்துக் காயம் 0 ஆனால் யாருக்கும் இல்லை. ஸ்டன் வாங்கிய ஹீரோ தடுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தாராளமாகத் தடுக்கலாம். ஸ்டன் தடுப்பதை முடக்காது, அடிப்பதைத்தான் முடக்கும்.

பிளாக் பேன்தருக்கு ரீடாலியேட் 1 உண்டு. அவரைத் தாக்கிய எதிரி 1 காயம் வாங்கும். அவர் சாய்ந்து தடுத்தாலும் உண்டு, தடுக்காமல் வாங்கினாலும் உண்டு, காயமே விழாவிட்டாலும் உண்டு. அவருடைய கூட்டாளி தடுத்தால் மட்டும் இல்லை, ஏனென்றால் தாக்கப்பட்டது அவர் இல்லை. எதிரிக்கு ரேஞ்ட் குணம் இருந்தால் ரீடாலியேட் செல்லாது.

பக்கத்து ஆட்டக்காரருக்காகத் தடுப்பது

வில்லன் யாரை அடிக்கிறானோ அவருக்கே முதல் வாய்ப்பு. அவர் தடுக்காவிட்டால் மற்ற ஆட்டக்காரர்கள் தங்கள் ஹீரோவையோ கூட்டாளியையோ சாய்த்துக் குறுக்கே புகலாம். ஹீரோவாகக் குறுக்கே புகுந்தவர்தான் அதன்பின் தாக்கப்படுபவர். காயம் அவருக்கு, தற்காப்பு எண் அவருடையது, பேக்ஃபிளிப் போன்றவற்றை ஆடும் உரிமையும் அவருக்கு.

ஆனால் ‘தாக்குதல் தொடங்கும்போது’ என்று எழுதியவை மாறுவதில்லை. ஸ்பைடர்-சென்ஸ், வில்லன் உங்கள்மேல் தாக்குதலைத் தொடங்கும்போது ஒரு கார்டு எடுக்க அனுமதிக்கிறது. வில்லன் ஷீ-ஹல்க்கைத் தாக்கத் தொடங்கி, ஸ்பைடர்-மேன் குறுக்கே புகுந்தால் கார்டு கிடையாது. நேர்மாறாக, ஸ்பைடர்-மேன்மேல் தொடங்கிய அடியை வேறு யார் தடுத்தாலும் கார்டு உண்டு.

சாதாரண மனித வடிவில் இருப்பவர் தானே தடுக்க முடியாது. தற்காப்பு எண்ணும் தடுக்கும் திறனும் ஹீரோ பக்கத்துக்கு உரியவை. அவருடைய கூட்டாளிகளுக்கு அந்தத் தடை இல்லை. பீட்டர் பார்க்கர் ஓய்வில் இருக்கும்போது அவருடைய கூட்டாளி பக்கத்தில் இருப்பவருக்கு வரும் அடியைத் தாராளமாக வாங்கலாம்.

தடுப்பதன் விலை

ஆட்டக்காரர்கள் கட்டம் முடியும்போது எல்லாரும் கை நிறையக் கார்டு எடுத்து, சாய்ந்தவற்றை நிமிர்த்துகிறார்கள். அதற்குப் பிறகே வில்லன் கட்டம் வருகிறது. இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டவர்கள், “தடுக்க வேண்டும், அதனால் இந்த முறை அடிக்க மாட்டேன்” என்று ஹீரோவைச் சும்மா நிறுத்தி வைப்பார்கள். தேவையே இல்லை. உங்கள் முறையில் அடித்துச் சாயுங்கள். வில்லன் வருமுன் நிமிர்ந்துவிடுவீர்கள். வில்லன் கட்டத்தில் சாய்ந்தால்தான் நஷ்டம், ஏனென்றால் அடுத்த முறையில் சாய்ந்தபடியே தொடங்குவீர்கள். அங்கே செலவழிக்கும் கார்டுகளும் அடுத்த முறைக்கான கையிலிருந்தே போகின்றன.

ஆக, தடுப்பது என்பது அடுத்த முறையின் ஒரு அடியையோ ஒரு திட்டக் குலைப்பையோ விற்றுக் காயத்தைக் குறைப்பது. விற்கலாமா என்பது ஹீரோவைப் பொறுத்தது. ஸ்பைடர்-மேன் 3 காயம் வரை தவிர்த்து 2 காயம் கொடுக்கும் அடியை இழக்கிறார். பெரும்பாலும் நல்ல பேரம். ஷீ-ஹல்க்குக்குத் தற்காப்பு எண் 2, தாக்குதல் எண் 3, உயிர் 15. அவர் 2 காயத்தை மிச்சம்பிடிக்க 3 காயம் கொடுக்கும் அடியை விடுவது நஷ்டம். வாங்கிக்கொண்டு, பிறகு தன் மனித வடிவமான ஜெனிஃபர் வால்டர்ஸாக மாறி ஒரே சாய்வில் 5 உயிரை மீட்டுக்கொள்வது மேல். அயர்ன் மேனுக்கு உயிர் 9தான், தற்காப்பு எண் வெறும் 1. அவர் சாய்ந்தால் திட்டத்தைக் குலைக்கும் 2 போய்விடும். அவருக்குக் கூட்டாளிகளே சரியான தடுப்பு. இன்டாமிட்டபிள் கார்டு இந்தக் கணக்கையே மாற்றிவிடும். தடுத்த பிறகு அதைக் கழித்து ஹீரோவை நிமிர்த்தலாம் என்பதால், வில்லனைத் தடுத்துவிட்டு அடுத்து வரும் மினியனையும் தடுக்கலாம், அல்லது நிமிர்ந்தபடியே அடுத்த முறையைத் தொடங்கலாம்.

வில்லனும் மினியன்களும் அடித்து முடித்ததோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகுதான் எதிரிக் கட்டிலிருந்து ஆளுக்கொரு கார்டு திரும்பும். அசால்ட் வந்தால் வில்லன் ஹீரோவை இன்னொரு முறை அடிப்பான்; கேங்-அப் வந்தால் உங்களோடு மல்லுக்கு நிற்கும் மினியன்களும் சேர்ந்துகொள்வார்கள். குவிக்ஸ்டிரைக் உள்ள மினியன் வந்த வேகத்திலேயே அடிக்கும். இவை ஒவ்வொன்றும் முழுமையான தாக்குதல். வில்லனுக்குப் புதிதாகப் பூஸ்ட் கார்டும் உண்டு. கெட் பிஹைண்ட் மீ போட்டு ஒரு சதிக் கார்டை ரத்து செய்தால் பதிலுக்கு வரும் வில்லனின் அடியும் இதே ரகம்தான். முதல் அடிக்கே ஹீரோவைச் சாய்த்து, கூட்டாளியையும் அதே சுற்றில் செலவழித்துவிட்டால் இந்த இரண்டாவது அடிக்கு யாரும் இருக்க மாட்டார்கள். உயிர் 5க்கும் கீழே போய்விட்ட ஹீரோ, முதல் அடிக்குக் கூட்டாளியைக் கொடுத்துவிட்டு, எதிரிக் கார்டுகள் எல்லாம் திரும்பி முடியும்வரை தான் நிமிர்ந்தே இருப்பது நல்லது.